பேலன்ஸ் பீம்: பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

என் மகள் ஏழு வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை பயிற்சிக் கூடத்தின் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் வேலை. பக்கத்தில் வந்து உட்காரும் புதுப் பெற்றோர்களும், ஒலிம்பிக் சமயத்தில் போன் செய்யும் சொந்தக்காரர்களும் என்னிடம் அதிகமாகக் கேட்பது பீமைப் பற்றித்தான். அவர்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமே என்று விதிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். இப்போது பெரிய போட்டி எது வந்தாலும் வீட்டில் முதலில் டிவியைப் போடுகிறவள் நான்தான். இதுவரை கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பீம் என்பது சரியாக என்ன? எவ்வளவு பெரியது?

பெண்கள் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் நான்கு கருவிகள் உண்டு: வால்ட் (ஓடிவந்து ஒரு மேசைமேல் கை ஊன்றிப் பாய்வது), உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகள், பீம், ஃப்ளோர் (தரைவிரிப்பில் இசையோடு ஆடுவது). இவற்றில் மூன்றாவதாக வரும் பீம் 5 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடையது. தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். வீடு கட்டியவர்களுக்கு இந்த அகலம் உடனே புரிந்துவிடும். நாலரை இன்ச் காம்பவுண்டு சுவரைவிடக் கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் இது வழவழவென்று இழைத்த வெறும் மரக்கட்டை. இப்போது மேலே மெத்தென்ற பட்டையும், கால் வழுக்காதபடி சொரசொரப்பான உறையும் இருக்கின்றன. குதிக்கும்போது லேசாக எகிறிக் கொடுக்கும். பீம் என்றால் நம்மூரில் வீட்டு உத்தரம்தானே, அதே சொல்தான் இதுவும். ஜெர்மன் மொழியில் இதற்கு வைத்திருக்கும் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைத் தமிழில் சொன்னால் 'அந்தரத்தில் மிதக்கும் உத்தரம்' என்று வரும்.

கால் வைக்க 10 சென்டிமீட்டர் போதுமே. அப்புறம் என்ன கஷ்டம்?

நடக்கப் போதும்தான். வளர்ந்த பெண்ணின் பாதம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், பீமின்மேல் அடங்கிவிடும். வீட்டுத் தரையில் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கோடு போட்டு நடந்து பாருங்கள், வெளியே மிதிக்கவே மாட்டீர்கள். அதே கோட்டுக்குள் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அப்போது பக்கத்துச் சுவரைத் தேடிக் கை போகும்.

சும்மா தரையில் நிற்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் நமக்குத் தெரியாமலே கால் அந்தப் பக்கம் நகர்ந்து தாங்கிக்கொள்ளும். பீமில் முன்னாலும் பின்னாலும் இடம் இருக்கிறது, பக்கவாட்டில் இல்லை. அதனால் முன்பின் பிழையைச் சமாளிக்கலாம், பக்கவாட்டுப் பிழையை முளையிலேயே பிடித்தால்தான் உண்டு. பயிற்சிக் கூடத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை கோச் "நேரா, நேரா" என்று கத்துவது இதனால்தான். இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் பீமுக்குக் குறுக்கே ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பின்னால் பாயும்போது ஒரு தோள் இரண்டு விரற்கடை முந்திக்கொண்டால் போதும், தலைகீழாகச் சுற்றி வந்து இறங்கும் கால் பீமுக்கு வெளியே போய்விடும். கீழே விழுவது கண்ணுக்குத் தெரியும்போது, தவறு நடந்து ஒரு வினாடி ஆகியிருக்கும்.

கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடியின் கையில் நீளமான கம்பு இருக்கும். அந்தக் கம்பு உடம்பு சட்டென்று ஒரு பக்கம் கவிழாமல் நிதானப்படுத்தும், சுதாரித்துக்கொள்ள அரை வினாடி கூடுதலாகக் கிடைக்கும். பீமில் கம்பு கிடையாது, இரண்டு கைதான். அந்தக் கையையும் படபடவென்று வீசினால் மதிப்பெண் போய்விடும். விழாமல் இருக்க உடம்பு இயல்பாகச் செய்யும் காரியத்துக்கே தண்டனை உண்டு என்பது எனக்குப் புரிந்த நாளிலிருந்துதான் இந்த விளையாட்டின்மேல் உண்மையான மரியாதை வந்தது.

ஆண்கள் ஏன் பீமில் ஏறுவதில்லை?

போட்டி விதிகள் உருவானபோது அப்படிப் பிரிந்துவிட்டது. ஆண்களுக்கு ஃப்ளோர், பாமல் ஹார்ஸ், வளையம், வால்ட், பேரலல் பார்ஸ், ஹரிசாண்டல் பார் என்று ஆறு கருவிகள். ஒலிம்பிக்கில் பீமுக்குத் தனிப் பதக்கம் கொடுக்க ஆரம்பித்தது 1952-இல், ஹெல்சிங்கியில். முதல் தங்கம் சோவியத் யூனியனின் நினா பொச்சரோவாவுக்குக் கிடைத்தது.

மேலே ஏறினால் எவ்வளவு நேரம்? என்னவெல்லாம் செய்தாக வேண்டும்?

அதிகபட்சம் 90 வினாடி. கால் தரையை விட்டு எழும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். 80 வினாடியில் ஒரு மணி அடிக்கும், 90-இல் இன்னொன்று. தாண்டினால் 0.1 குறையும்.

அந்த நேரத்துக்குள் சில கட்டாயங்கள் இருக்கின்றன. கால்களை 180 பாகைக்கு விரித்துத் தாவும் ஒரு நடனத் தாவலாவது உள்ள தொடர் வேண்டும். ஒரு சுழற்சி வேண்டும். கை ஊன்றியோ ஊன்றாமலோ காற்றில் பாயும் இரண்டு வித்தைகள் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வர வேண்டும், அதில் ஒன்று முழுக் கரணமாக இருக்க வேண்டும். பின்பக்கம் பாய்வதோடு முன்பக்கமோ பக்கவாட்டிலோ பாய்வதும் இருக்க வேண்டும். கடைசியில் இறங்குவது. அதை டிஸ்மவுண்ட் என்பார்கள். பெரும்பாலும் இரட்டைக் கரணம் போட்டோ, உடம்பைத் திருகிக்கொண்டோ இறங்குவார்கள்.

முன்பெல்லாம் 10-க்கு மார்க் போட்டார்களே. இப்போது 14.366 என்றெல்லாம் வருகிறதே, எப்படி?

2006-இலிருந்து முறை மாறிவிட்டது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் போட்டியில் மதிப்பெண் குளறுபடி பெரிய சர்ச்சை ஆனதும் அதற்கு ஒரு காரணம். இப்போது இரண்டு மதிப்பெண்கள் உண்டு, இரண்டையும் கூட்டுவார்கள்.

முதலாவது கடினத்துக்கு. ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு எழுத்து உண்டு. ஏ என்றால் 0.1, பி என்றால் 0.2, இப்படியே மேலே போகும். அவர் செய்ததில் மதிப்பு கூடிய எட்டை எடுத்துக்கொள்வார்கள். மேலே சொன்ன கட்டாயங்களை நிறைவேற்றியதற்கு 2.0 வரை சேரும். வித்தைகளை இடைவெளி விடாமல் கோத்ததற்குத் தனி ஊக்க மதிப்பெண் உண்டு. இதற்கு மேல்வரம்பு கிடையாது.

இரண்டாவது செய்த விதத்துக்கு. எல்லோரும் 10-இலிருந்து தொடங்குவார்கள், பிழைக்கு 0.1, 0.3, 0.5 என்று கழித்துக்கொண்டே வருவார்கள். நடுவர்களில் மிக அதிகமாகப் போட்டதையும் மிகக் குறைவாகப் போட்டதையும் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுப்பார்கள். ஆக, கடினத்துக்கு 6.0, செய்த விதத்துக்கு 8.2 என்றால் மொத்தம் 14.2.

பழைய முறையில் 10 என்பது யாருக்கும் புரியும், அது ஒரு அழகுதான். ஆனால் எளிதாக ஆடியவரும் கடினமாக ஆடியவரும் ஒரே உச்சியில் வந்து நின்றுவிடுவார்கள். புதிய முறையே நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

பீமிலிருந்து விழுந்தால் என்ன ஆகும்?

ஒரு முழு மதிப்பெண் போகும். 10 வினாடிக்குள் மறுபடி ஏற வேண்டும், அந்த நேரம் 90 வினாடிக் கணக்கில் சேராது. 10 வினாடியைத் தாண்டினால் மேலும் 0.3 குறையும். 60 வினாடி ஆகியும் ஏறவில்லை என்றால் ஆட்டம் அத்துடன் முடிந்தது.

விழப்போகும்போது கையால் பீமைப் பிடித்துத் தப்பித்துக்கொண்டால் 0.5 குறையும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸுக்கு இதுதான் நடந்தது. முன்கரணம் போட்டு இறங்கியவர் தடுமாறி இரண்டு கையையும் பீமில் ஊன்றிவிட்டார். தங்கம் வாங்குவார் என்று எல்லோரும் நினைத்திருந்த போட்டியில் 14.733 வந்து வெண்கலம் கிடைத்தது.

விழாமல் ஆடிய இரண்டு பேருக்கு மதிப்பெண்ணில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பீமைப் பார்க்கும்போது நாம் எல்லோரும் "விழுந்துவிடுவாளோ" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். விழாவிட்டால் நன்றாக ஆடினாள் என்று எடுத்துக்கொள்கிறோம். நடுவர் பார்ப்பது வேறு. விழுவது எப்போதாவது நடக்கும், ஒரே அடியாக 1.0 போகும். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் மதிப்பெண் ஒழுகிப்போவது வித்தைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான்.

ஒரு கரணத்துக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கி மனதைத் திரட்டிக்கொள்ள நேரம் எடுத்தால் 0.1. பாய்வதற்குமுன் காலைச் சரிசெய்து வைத்துக்கொண்டால், கையை ஒருமுறை கூடுதலாக ஆட்டினால் 0.1. இறங்கியதும் லேசாக ஆடினால் 0.1, நன்றாக ஆடினால் 0.3, காலைத் தூக்கி இடுப்பை வளைத்துச் சமாளித்தால் 0.5. முழங்கால் மடங்கியிருந்தால், பாதத்தின் நுனி நீளாமல் இருந்தால், தாவலில் கால் முழுசாக விரியாவிட்டால் தனித்தனியாகக் கழிப்பார்கள். முகமும் உடம்பும் ஒரு தாளத்தில் இல்லாமல் வெறும் வித்தைகளாக அடுக்கினால் அதற்கும் உண்டு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு சின்னச் சின்னக் கழிவுகள் சேர்ந்தால் ஒரு முறை விழுந்ததற்குச் சமம். பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இரண்டு வித்தைகளுக்கு நடுவே ஆட்டம் கண்டால் அந்தத் தொடர் அறுந்துவிடும், கோத்ததற்கான ஊக்க மதிப்பெண் கிடைக்காது. ஒரு தள்ளாட்டம் இரண்டு கணக்கிலும் கை வைக்கும். நல்ல வீராங்கனைகள் அந்த இடத்தில் செய்வது என்ன தெரியுமா? அறுந்துபோன தொடரை மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, பின்னால் வேறு இடத்தில் ஒரு தாவலைச் சேர்த்து ஈடுகட்டிக்கொள்வார்கள். ஒண்ணேகால் மீட்டர் உயரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு இந்தக் கணக்கு நடக்கிறது.

முன்னால் பாய்வது சுலபமா, பின்னால் பாய்வதா?

பார்க்கப் பின்னால் பாய்வதுதான் பயங்கரமாக இருக்கும், இல்லையா? ஆனால் பின்கரணத்தில் உடம்பு சுற்றி வரும்போது, கால் இறங்குவதற்கு முன்பே கண் பீமைப் பார்த்துவிடும். முன்கரணத்தில் கடைசி நொடிவரை பீம் கண்ணுக்குத் தெரியாது, கால் பட்ட பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். அதனால் நிறையப் பேருக்கு முன்கரணமே கலக்கம். பழகாத பெற்றோர்களிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

பீமில் கரணம் போடுவது எப்போது தொடங்கியது?

1950-களிலும் 60-களிலும் பீம் என்றால் நடை, நிற்கும் நிலை, மெல்லிய தாவல், கையூன்றிப் புரளுதல் இவைதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனின் ஓல்கா கோர்புட், வயது 17, பீமின்மேல் நின்ற இடத்திலிருந்து பின்கரணம் போட்டு மறுபடி பீமிலேயே இறங்கினார். டிவியில் பார்த்த உலகம் அசந்துபோனது. அந்த வருடம் பீமில் தங்கமும் அவருக்கே. இது ஆபத்தான வித்தை, தடை செய்ய வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. கரணம் தப்பினால் மரணம் என்று நம் ஊரில் சொல்வதைத்தான் அவர்களும் வேறு வார்த்தையில் சொன்னார்கள். தடை வரவில்லை. இன்றைக்கு அந்தக் கரணத்தை எங்கள் கூடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பழகுகிறார்கள்.

நாடியா கொமனேச்சியின் முதல் 10 பீமில் வந்ததா?

இல்லை. 1976 மான்ட்ரியலில் அந்தப் பதினான்கு வயது ருமேனியச் சிறுமி வாங்கிய முதல் 10 கம்பியில். பலகையில் 10.00 காட்ட வசதி இல்லாமல் 1.00 என்று காட்டியது அப்போதுதான். அந்த ஒலிம்பிக்கில் மொத்தம் ஏழு தடவை 10 வாங்கினார், அதில் மூன்று பீமில். 1980-இல் மாஸ்கோவிலும் பீமில் தங்கம் வென்றார். 1984-இல் சிமோனா பவுகாவும் எகடெரினா சாபோவும் சம மதிப்பெண்ணில் தங்கம், 1988-இல் டேனியலா சிலிவாஸ். அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்கில் பீம் தங்கம் ருமேனியாவுக்கே போனது.

பழைய காட்சிகளில் நாடியாவைப் பாருங்கள். வித்தைகள் இன்றைய கணக்குக்குச் சாதாரணம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதத்தில் தயக்கம் என்பதே இருக்காது.

கரணம் போடாமல் பீமில் ஜெயிக்க முடியுமா?

ஒன்றுகூட இல்லாமல் முடியாது. ஆனால் சுழற்சியை நம்பி ஜெயித்தவர் உண்டு. 2016 ரியோவில் நெதர்லாந்தின் சன்னே வேவர்ஸ், ஒற்றைக் காலில் இரட்டைச் சுற்று, மூன்று சுற்று என்று சுழற்சிகளைக் கோத்து 15.466 வாங்கித் தங்கம் வென்றார். பீமில் நுனிக்காலில் சுற்றுவது பார்க்க அமைதியாக இருக்கும், செய்வது சாமானியமில்லை. காலின் கீழ் உள்ள இடம் இரண்டு மூன்று விரல் அளவுதான், தலையும் சுற்றுகிறது.

ஆடி முடித்ததும் அவர் செய்த காரியம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, எந்தத் தொடர் கணக்கில் சேரும், எது சேராது என்று தானே கூட்ட ஆரம்பித்துவிட்டார். நடுவர்களின் மதிப்பெண் வருவதற்குள் தன் கணக்கை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்!

டோக்கியோவில் சிமோன் பைல்ஸ் பாதியில் விலகினார், ஆனால் பீமில் மட்டும் ஆடினாரே. ஏன்?

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் குழு இறுதியில், வால்ட்டில் இரண்டரைத் திருகு போட வேண்டியவர் ஒன்றரையில் நின்றுவிட்டார். காற்றில் இருக்கும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, தரை எங்கே இருக்கிறது என்ற உணர்வு அவருக்கு விட்டுப்போயிருந்தது. ஜிம்னாஸ்ட்டுகள் இதை 'ட்விஸ்டிஸ்' என்பார்கள். பயந்துவிட்டார், மனதைரியம் இல்லை என்று வெளியே இருந்து பேசினவர்கள் நிறைய. அந்தப் பேச்சு எனக்கு இன்றும் கோபத்தை வரவழைக்கிறது. உடம்பைத் திருகிக்கொண்டு தலைகீழாக வரும்போது தரை எங்கே என்று தெரியாவிட்டால் கழுத்து ஒடியும். விலகியது மட்டுமே சரியான முடிவு.

அவருடைய சிக்கல் திருகு. பீமின்மேல் அவர் செய்பவற்றில் காற்றில் திருகிச் சுழலும் வித்தை முக்கியமாக இறங்கும்போதுதான் வரும். அதை மாற்றிவிட்டால் ஆடலாம். அப்படியே செய்தார். திருகே இல்லாமல், காலை நீட்டி மடங்கிய இரட்டைக் கரணத்தோடு இறங்கி 14.000 வாங்கினார். சீனாவின் குவான் சென்சென் தங்கம், டாங் சிஜிங் வெள்ளி, பைல்ஸ் வெண்கலம்.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், 2019 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில், இரண்டு கரணமும் இரண்டு திருகும் சேர்ந்த டிஸ்மவுண்ட்டை அவர் செய்து காட்டினார். அது அவர் பெயரிலேயே விதிப் புத்தகத்தில் இருக்கிறது. சர்வதேச சம்மேளனம் அதற்கு 0.8 மதிப்புதான் கொடுத்தது. மற்றவர்கள் ஆசைப்பட்டு முயன்று அடிபடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. காரணம் புரிகிறது. ஆனாலும் செய்தவருக்குச் சேர வேண்டிய மதிப்பு குறைந்துவிட்டது என்பதே என் கருத்து.

பாரிஸ் 2024 இறுதியில் ஏன் அத்தனை பேர் விழுந்தார்கள்?

ஆகஸ்ட் 5 அன்று எட்டுப் பேர் ஆடினார்கள், அதில் நான்கு பேர் விழுந்தார்கள். அமெரிக்காவின் பைல்ஸ், சுனிசா லீ இருவருமே அதில் உண்டு. விழாமல் ஆடிய இத்தாலியின் அலீஸ் டமாட்டோ 14.366 வாங்கித் தங்கம் வென்றார். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் இத்தாலிக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். சீனாவின் ஜோ யாச்சின் 14.100, இத்தாலியின் மனிலா எஸ்போசிட்டோ 14.000.

காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. ஆனால் வீராங்கனைகள் பிறகு சொன்ன ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது: அரங்கம் தாங்க முடியாத அளவுக்கு அமைதியாக இருந்தது என்றார்கள். பீமுக்கு இசை கிடையாது. குழுப் போட்டியிலும் தனிநபர் போட்டியிலும் நான்கு கருவிகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். பீமில் ஒருவர் இருக்கும்போது ஃப்ளோரில் யாருக்கோ பாட்டு ஓடும், வால்ட்டுக்குக் கைதட்டல் கேட்கும். பயிற்சிக் கூடமும் அப்படித்தான், சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனியாக நடக்கும் இறுதியில் மட்டும் ஒரே ஒருவர், ஆயிரக்கணக்கான கண்கள். யாராவது ஆரவாரம் செய்தால் கூட்டமே 'உஷ்' என்கிறது. நம் பிள்ளைகளுக்கும் இதுதான். வீட்டு டிவி சத்தத்தில் கணக்குப் போடுகிறவனுக்குத் தேர்வு அறையின் நிசப்தம் ஒத்துக்கொள்ளாமல் போவதைப் பார்த்திருக்கிறோமே.

இந்தியாவிலிருந்து பீமில் யாராவது?

தீபா கர்மாகர் என்றதும் எல்லோருக்கும் ரியோ வால்ட் நினைவு வரும். 15.066 வாங்கி, 0.15 வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்து நான்காவது வந்தார். ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்ட் அவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், முழங்கால் காயத்தால் குழு இறுதியிலிருந்து விலகியவர், பீம் இறுதியில் ஏறி 12.500 வாங்கி ஐந்தாவது இடம் பிடித்ததைப் பலர் கவனிக்கவே இல்லை. வலிக்கிற முழங்காலோடு பீமில் ஆடுவதும் டிஸ்மவுண்ட் செய்து இறங்குவதும் என்ன என்று ஏழு வருடம் பெஞ்சில் உட்கார்ந்த எனக்குக் கொஞ்சம் தெரியும். 2024 அக்டோபரில் ஓய்வு அறிவித்தார்.

என் பெண்ணைச் சேர்க்கலாமா? எடுத்தவுடன் உயரத்தில் ஏற்றிவிடுவார்களா?

ஐந்து, ஆறு வயதில் தாராளமாகச் சேர்க்கலாம். பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டியில் ஆட, அந்த வருடத்தில் 16 வயது நிறைய வேண்டும். அதனால் அவசரம் எதுவும் இல்லை.

ஏற்றக் கூடாது என்பதே இரண்டாவது கேள்விக்கு என் பதில். முறையாகச் சொல்லித்தருகிற இடத்தில் முதலில் தரையில் ஒரு கோடு. அப்புறம் ஒரு சாண் உயரத் தாழ்ந்த பீம். அப்புறம் உயரமான பீமின் இரண்டு பக்கமும் அதன் மட்டத்துக்கே மெத்தைகளை அடுக்கி, அதே வித்தை. நன்றாக வந்தபிறகு ஒவ்வொரு மெத்தையாக உருவுவார்கள். கால் வைக்கும் இடம் எல்லாக் கட்டத்திலும் அதே 10 சென்டிமீட்டர்தான், ஆனாலும் ஒவ்வொரு மெத்தையை எடுக்கும்போதும் பிள்ளை முகம் மாறும். ஒரு வித்தை கோட்டிலிருந்து உயரத்துக்குப் போக மாதக்கணக்கு ஆகும்.

நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் இரண்டாவது வாரமே என் மகளை முழு உயர பீமில் ஏற்றிவிட்டார்கள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. மெத்தைகளுக்கு நடுவே கால் போகிற அளவு இடைவெளி வேறு. அவள் விழுந்தாள், நல்லவேளை முழங்காலில் சிராய்ப்போடு போனது. ஆனால் அதன்பிறகு எட்டு மாதம் தாழ்ந்த பீமில்கூட என் விரலைப் பிடிக்காமல் நடக்கவில்லை. வேறு கூடத்துக்கு மாற்றினோம். அங்கே இருந்த கோச் அம்மா அவளைப் பீமின் பக்கமே விடாமல் இரண்டு மாதம் தரைக் கோட்டில் நடக்கவைத்தார். பிறகு ஒருநாள் அவளே போய் ஏறினாள்.

சேர்க்குமுன் போய்ப் பாருங்கள். மெத்தைகள் இடைவெளி இல்லாமல் இருக்கின்றனவா, பீமின் காலில் உறை இருக்கிறதா, பயந்து நிற்கும் பிள்ளையிடம் கோச் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்.

வீட்டில் பழகலாமா?

தரையில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்குக் கலர் டேப் ஒட்டுங்கள். நுனிக்கால் நடை, காலைத் தூக்கி உதைத்தல், அரைச் சுற்று இவற்றுக்கு அது போதும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் காம்பவுண்டு சுவரிலும் ஏற விடவே கூடாது. கரணம், கையூன்றிப் பாய்தல் எதுவும் கோச் இல்லாமல் வேண்டாம்.

டிவியில் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

முதலில் கண்ணைப் பாருங்கள். பீமின் கடைசி முனையில் பார்வை நிலைத்திருந்தால் ஆட்டம் நன்றாகப் போகிறது என்று அர்த்தம், காலைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தால் ஏதோ உறுத்துகிறது. கரணம் போட்டு இறங்கும்போது முதல் பாதம் பீமின் நடுவில் விழுகிறதா, விளிம்பிலா என்று பாருங்கள். மெதுவாகக் காட்டும்போது விரல்கள் பீமின் ஓரத்தைக் கவ்விப் பிடிப்பதுகூடத் தெரியும்.

அப்புறம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இசை இல்லாததால் பீமில் கை கால் படும் ஓசை நன்றாகக் கேட்கும். தொடர் சுத்தமாக வந்தால் 'தக் தக் தக்' என்று ஒரே இடைவெளியில் இருக்கும். நடுவில் ஒரு ஓசை பிந்தினாலோ, சின்னதாக ஒன்று கூடுதலாகக் கேட்டாலோ தொடர் அறுந்தது. என் மகள் இப்போதெல்லாம் திரையைப் பார்க்காமல், சாப்பிட்டுக்கொண்டே, ஓசையை வைத்தே "போச்சும்மா, தொடர் கட்" என்று சொல்லிவிடுகிறாள். நான் நிமிர்ந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.